கரிசல் எழுந்து போன மதியம்

ஆடிப் பதினெட்டு கழிந்த ஒன்பதாம் நாள், கூரான்குளத்தில் ஆட்கள் மதியக் கஞ்சி குடித்துக் கும்பா கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், மேலக்காட்டுக் கரிசல் எழுந்தது. முப்பத்தாறு ஏக்கரும் ஒன்றாக எழுந்தது. இடுப்பளவு ஆழத்துக்கு, வெடிப்போடும் புழுவோடும் போன வருசத்துப் பருத்திக்கட்டையோடும் எழுந்து, படுத்துக் கிடந்த எருமைக்கூட்டம் உடம்பை உதறிக்கொண்டு கிளம்புவதுபோலக் கிளம்பி, கண்மாய்க்கரை ஏறி, வறண்ட கண்மாய்க்குள் இறங்கி, மறுகரை ஏறி, பள்ளிக்கூடத்துச் சுவரில் இடிக்காமல் சுற்றிக்கொண்டு, கிழக்கே காலனிக்காரர்களின் களர்க்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கிடந்த களர் ஒதுங்கி இடம் விட்டது. பிறகு அது கரிசல் வந்த தடத்திலேயே ஏறி இறங்கி மேற்கே போய், காலியாகக் கிடந்த பள்ளத்தில் படுத்துக்கொண்டது. எல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆகவில்லை. டவுனுக்குப் போகும் ஒன்றரை மணி பஸ் மட்டும், மண்ணெல்லாம் ரோட்டைக் கடந்து முடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றது. கண்டக்டர் இறங்கி ஒரு பீடி குடித்தார்.

ஏன் போனது என்று ஊரே கேட்டது. நாற்பது வருசமாக அது ஏன் அங்கேயே கிடந்தது என்று ஒருத்தனும் கேட்டதில்லை.

கரிசல் கிடந்த மேலக்காடு முழுக்கக் கோதண்டத்தின் நிலம். மிளகாய், பருத்தி, மல்லி, உளுந்து, எதைப் போட்டாலும் வந்தது. ஊருக்குத் தெற்கே செவல். கடலையும் துவரையும் போட்டுச் சில்லறைச் சம்சாரிகள் காலத்தை ஓட்டினார்கள். கிழக்கே களர். வெயில் ஏற ஏற வெள்ளையாகப் பூக்கும், மழை பெய்தால் சோப்புப்போல வழுக்கும், சீமைக்கருவேலும் உமரியும் தவிர எதையும் உயிரோடு விடாது. சர்க்கார் ஏழைகளுக்கு நிலம் கொடுக்க வந்த வருசம், காலனியின் இருபத்துநாலு குடும்பங்களுக்கும் தலைக்கு ஒன்றரை ஏக்கர் என்று அந்தக் களரைத்தான் அளந்து, கல் நட்டு, பட்டா கொடுத்து, மாலை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனது. அந்த முப்பத்தாறு ஏக்கரில் நாற்பது வருசத்தில் விளைந்தது அந்தப் போட்டோ ஒன்றுதான்.

காலனியில் சீனியம்மா என்று ஒருத்தி. ஐம்பத்தெட்டு வயசு. அதிகம் பேச மாட்டாள். பேசினால் எதிரே நிற்பவனுக்கு வேர்க்கும். பேருதான் சீனி, வாயெல்லாம் உப்பு என்று காலனியிலேயே சொல்வார்கள். சொல்லிவிட்டுத் தள்ளி நிற்பார்கள்.

அவள் நாக்குக்கு மண் தெரியும். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினால், இது எந்தக் காடு, எந்த மூலை, போன வருசம் என்ன போட்டது, இந்த வருசம் என்ன கேட்கிறது என்று சொல்லிவிடுவாள். களர் நாக்கைச் சுடும். செவல் மொறமொறவென்று கரைந்து போகும். கரிசல் முதலில் ஒன்றும் சொல்லாது. பிறகு பல்லிடுக்கில் வெண்ணெய்போல வழுக்கும். கடைசியில் அடிநாக்கில் லேசாக இரும்பு தட்டும். அந்த இரும்பின் கனத்தை வைத்து மிளகாயா பருத்தியா என்று அவள் சொல்வதும், கோதண்டம் அதையே விதைப்பதும், முப்பது வருசத்தில் ஒரு தரம் தப்பவில்லை.

ஒவ்வொரு புரட்டாசியிலும் விதைப்புக்கு முன்னால் ஆள் வரும். அவள் போவாள். நாலு மூலையிலும் மண் எடுத்து நாக்கில் வைத்துத் துப்புவாள். கரிசல் சாமானியத்தில் வாயை விடாது, ஒட்டிக்கொள்ளும். வாய் கொப்புளிக்கத் தண்ணீர் கேட்பாள். கோதண்டமோ, அவர் மகனோ, சொம்பைத் தோளுயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவள் குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயருகே வைப்பாள். மேலேயிருந்து நூல்போல ஊற்றுவார்கள்.

"இன்னும் குனி. சொம்பு படப்போகுது."

அவளுக்குப் பேரன் வயசிருக்கும் கோதண்டத்தின் மகனுக்கு. அவனும் அதையேதான் சொல்வான். அவள் நாக்கு அவர்கள் காட்டை முழுக்கத் தொடலாம், அவள் உதடு சொம்பைத் தொடக்கூடாது. முப்பது வருசம் குனிந்தாள். குனிந்தபடி தரையைப் பார்த்தவள் மனசுக்குள் என்ன சேர்த்து வைத்தாள் என்பது தரைக்குத் தெரிந்திருக்கும்.

வழிவிட்டான் என்கிற அவள் புருசன், எட்டு வருசத்துக்கு முன்னால் மேலக்காட்டுக் கிணற்றை ஆழப்படுத்த இறங்கினவன், பக்கச்சுவர் சரிந்து உள்ளேயே போய்விட்டான். தோண்டி எடுக்க ஒன்றரை நாள் ஆயிற்று. கோதண்டம் கிணற்று மேட்டில் நின்று சொன்னது ஊருக்கே கேட்டது: "மண்ணு சரிஞ்சதுக்கு நான் என்னய்யா செய்ய? மண்ணு யாரு பேச்சைக் கேக்கும்?" கண்மாய்க்கரை ஓரத்தில், காலனியின் குழிமேட்டில் அவனைப் புதைத்தார்கள். அடுத்த புரட்டாசியிலும் ஆள் வந்தது. அவள் போனாள். வயிறு இருந்ததே.

இப்போது அந்த மண்தான் எழுந்து நடந்து அவள் பட்டாவுக்குள் வந்து படுத்திருந்தது.

கோதண்டம் அன்று சாயங்காலமே காலனிக்கு வந்தார். பிறந்ததிலிருந்து கால் வைக்காத தெரு. மச்சினன் சுந்தரவேலுவும் நாலு பேரும் பின்னால். அவருக்கு மூச்சு வாங்கியது.

"யாருடா என் மண்ணைக் கூப்பிட்டது?"

சீனியம்மா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமல் சொன்னாள்:

"மண்ணு யாரு பேச்சைக் கேக்கும் மொதலாளி?"

அவருக்கு அது எங்கேயோ கேட்ட பேச்சாக இருந்தது. எங்கே என்று நினைவு வரவில்லை. நினைவு வராததுதான் அவளுக்குச் சுட்டது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், பஸ் ரூட் மாறினால் எடுத்துக்கொள்வதுபோல எடுத்துக்கொண்டது. டீக்கடையில் இரண்டு நாள் பேச்சு. அந்தக் கரிசல் போகும்போது தன் கடை வாசலில் ஒரு கூடை விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா, துளசி வைத்திருப்பேனே என்றார் டீக்கடைக்காரர். கவுதாரிகள் மண்ணோடு கிழக்கே குடி வந்தன. கோதண்டத்தின் குலசாமிக் கல் மட்டும் உப்புப் பூத்த வெளியில் சாய்ந்து நின்றது. அதைக் கரிசல் கூட்டிக்கொண்டு போகவில்லை. கிணற்றுத் தண்ணீர் கரித்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் சுவரில் இருந்த ஊர் வரைபடத்தில் கறுப்பை அழித்துக் கிழக்கே தீட்டினார், கோதண்டம் வந்து கேட்டதும் அதையும் அழித்தார், அதற்குப் பிறகு வரைபடம் முழுக்க ஒரே அழுக்குக் கலராக இருந்தது.

வேளாண்மை ஆபீசர் அம்மா மீட்டரும் கண்ணாடிக் குழாயுமாக வந்தார். களருக்கு ஜிப்சம் போடச் சொல்லி எழுதிய மண் அட்டை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. கீழே கிடப்பதோ முதல் தரக் கரிசல். "மண்ணு மாறிட்டா அட்டையை மாத்தணும். அட்டையை மாத்த ஆர்டர் வேணும்" என்றார் அந்த அம்மா. சர்வேயர் சங்கிலி பிடித்துப் பார்த்துக் கல் எதுவும் நகரவில்லை என்றார். வி.ஏ.ஓ. பயிர்க்கணக்கு எழுதும் அடங்கலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பயிருக்குக் கட்டம் இருந்தது, பாசனத்துக்குக் கட்டம் இருந்தது, நடந்து போன மண்ணுக்குக் கட்டம் இல்லை.

கோதண்டம் சும்மா இருக்கவில்லை. முதலில் டிப்பர் வந்தது. காலனி ஆண்கள் மறித்து நின்றார்கள். போலீஸ் வந்து மறித்தவர்களை ஏற்றிக்கொண்டு போனது, டிப்பரை ஏற்றிக்கொண்டு போகவில்லை. அன்று பன்னிரண்டு நடை மண் மேற்கே போயிற்று. மறுநாள் மதியம், பதிமூன்றாவது நடைக்கு வந்துகொண்டிருந்த டிரைவர், எதிரே ரோட்டில் அந்தப் பன்னிரண்டு நடையும் திரும்பி வருவதைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டி வழிவிட்டான். அதோடு அவன் வேலைக்கு வரவில்லை.

பிறகு கோதண்டம் காலனிப் பாதையின் வாயிலில் ஓர் ஆளை உட்கார வைத்தார். பக்கத்தில் ஒரு அண்டாத் தண்ணீர். காலனியிலிருந்து வெளியே போகிற ஒவ்வொருத்தரும் காலைக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். மொதலாளி மண் காலில் ஒட்டியிருக்கிறதாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கழுவின. கர்ப்பிணி கழுவினாள். கழுவிய கலங்கல் தண்ணீரை அந்த ஆள் வாளியில் பிடித்துக் கொண்டுபோய்க் களரில் ஊற்றினான். ஒரு வாரம் இப்படி நடந்தது. எட்டாம் நாள் சீனியம்மா வந்தாள்.

"கழுவு ஆத்தா."

"எதை?"

"காலைத்தான்."

"அறுவதாண்டு மேலக்காட்டுல வேல செஞ்ச காலு. எங்க அப்பன் காலு, எங்க ஆத்தா காலு, எம் புருசன் காலு. அப்பல்லாம் ஒட்டுன மண்ணு எத்தனை அண்டா இருக்கும்? அதுக்கெல்லாம் சேத்துத் தண்ணி கொண்டாரச் சொல்லு உங்க மொதலாளியை."

அண்டாவை ஒரு மிதி மிதித்துச் சாய்த்துவிட்டுப் போனாள். மறுநாள் அந்த ஆள் வரவில்லை.

கடைசியாகக் கோதண்டம் மனு எழுதினார். வக்கீல் வைத்து எழுதின மனு. காலனிக்காரர்களுக்குச் சர்க்கார் கொடுத்தது களர். களர் இப்போது மேற்கே இருக்கிறது. ஆகையால் அவர்கள் பட்டா நம்பரை மேற்கே மாற்றிவிட்டு, கரிசல் கிடக்கும் நம்பரைக் கரிசலுக்குச் சொந்தக்காரரான தன் பெயருக்கு எழுத வேண்டும். மண் திரும்பி வராவிட்டால் போகட்டும், நிலம் மண்ணோடு போகட்டும். மனு முடியும்வரைக்கும் காலனியில் யாரும் விதை போடக்கூடாது என்று தாசில்தார் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்.

புரட்டாசி பிறந்தது. சீனியம்மா வீட்டில் ஒரு மண்கலயத்தில் சாம்பலில் புரட்டிய குண்டு மிளகாய் விதை இருந்தது. மேலக்காட்டில் பழம் பொறுக்கும்போது கூலியில் கழித்துக்கொண்டு வாங்கியது. அவள் கையால் அடுத்தவன் காட்டில் எத்தனையோ தரம் தூவியாயிற்று. தன் காட்டில் ஒரு தரம் தூவ வேண்டும். முதல் மழைக்குள் விதை மண்ணுக்குள் போகாவிட்டால் வருசம் போச்சு. மனு ஜெயித்துவிட்டால் எல்லா வருசமும் போச்சு. மறுபடி களர், மறுபடி அட்டை, மறுபடி குனி.

எட்டாம் தேதி விசாரணை. களர்க்காடாக இருந்த கரிசலின் வரப்பில், ஒரு சீமைக்கருவேலின் கீழே நாற்காலி போட்டுத் தாசில்தார் உட்கார்ந்தார். தெற்கே மேகம் திரண்டு நின்றது, அவர் அதையும் வாட்சையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கம் கோதண்டத்தின் மேலத்தெரு, ஒரு பக்கம் காலனி, நடுவில் வி.ஏ.ஓ. ரெண்டு பக்கமும் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது மேலக்காட்டு மண்ணுதான்னு என்னய்யா ஆதாரம்?" என்றார் தாசில்தார்.

கோதண்டம் இதற்காகத்தான் காத்திருந்தார். "நான் சொல்லல சார். அவ சொல்லட்டும். ஏ சீனி, இங்க வா. இவ நாக்கு பொய் சொல்லாதுங்கிறது சுத்துப்பட்டுல எல்லாருக்கும் தெரியும். வச்சுப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க. இவ சொல்றதுக்கு நான் கட்டுப்படுறேன்."

காலனிப் பக்கம் நின்ற சேவுகன் என்கிற கிழவர், அவளுக்குச் சித்தப்பன் முறை, கிசுகிசுத்தார்: "ஆத்தா, ஒரு தடவை. ஒரே ஒரு தடவை மாத்திச் சொல்லிரு. யாருக்குத் தெரியப்போகுது?"

"மண்ணுக்குத் தெரியும். போங்க சித்தப்பா."

ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்திருந்தாள், தன் வாய்க்கு. அதை வரப்பில் வைத்தாள். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். வெண்ணெய் வழுக்கியது. இரும்பு தட்டியது. துப்பினாள்.

"மேலக்காட்டு மண்ணுதான். வடமேக்கு மூலை. மல்லி போட்ட இடம்."

மேலத்தெரு கைதட்டியது. சுந்தரவேலு விசில் அடித்தான். தாசில்தார் பேனாவைத் திறந்தார். "அப்ப கோதண்டத்தோட மண்ணுன்னு ஒத்துக்கிறே."

"நான் எங்க ஒத்துக்கிட்டேன்? மேலக்காட்டு மண்ணுன்னேன். எங்கிட்டக் கேட்டது அதுதானே. மொதலாளி மண்ணான்னு எம் நாக்கு எப்படிச் சொல்லும்? அது அவுக நாக்குச் சொல்லணும். தன் மண்ணு தனக்குத் தெரியாதா?"

"அதுவும் சரிதானே" என்றார் தாசில்தார். மேகம் இன்னும் கிட்டே வந்திருந்தது. "பாத்துச் சொல்லுங்களேன், சட்டுனு முடிச்சிரலாம்."

சீனியம்மா பாதையோரம் மூன்று எருக்கிலை பறித்தாள். வி.ஏ.ஓ.வை மட்டும் கூட வரச் சொன்னாள். ஒரு கை மண் காலடியில் எடுத்தாள். கண்மாய்ப் பக்கம் போய் இன்னும் இரண்டு கை எடுத்தாள். எது எங்கே எடுத்தது என்று வி.ஏ.ஓ. ஒரு துண்டுக் காகிதத்தில் ஒன்று இரண்டு மூன்று என்று எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். திரும்பி வந்து மூன்று இலையையும் கோதண்டத்தின் முன்னால் வைத்தாள். மூன்றும் கறுப்பு. மூன்றும் ஒன்றுபோல.

"இதுல உங்க மண்ணு எது மொதலாளி?"

கோதண்டம் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலில் தேய்த்தார். விரலுக்கும் தெரியவில்லை. முப்பது வருசம் அந்தக் காட்டு வரப்பில் குடை பிடித்து நின்றது அவர், மண்ணில் நின்றது வேறு ஆட்கள்.

"நாக்குல வச்சுப் பாருங்க" என்றாள்.

சுந்தரவேலு காதோரம் குனிந்தான். "அத்தான், வேணாம். அவுக இடத்துல கிடக்கிற மண்ணு. வாயில வைக்கிறதாவது!"

சொன்னது எல்லாருக்கும் கேட்டது. சீனியம்மாவுக்கும் கேட்டது.

"ஏன் மொதலாளி யோசிக்கிறீக? உங்க மண்ணுதானே? எங்க மண்ணா இருந்தால்ல தீட்டு."

கோதண்டத்தின் முகம் கறுத்தது. வைக்காவிட்டால் இது அவர்கள் மண் என்று அவரே சொன்னதாக ஆகும். ஊர் பார்க்கிறது, செல்போன் பார்க்கிறது. முதல் இலையில் சிட்டிகை எடுத்து, மாத்திரை போடுவதுபோல வாயில் போட்டார். இரண்டாவது. மூன்றாவது. அவள் செய்வதைப் பார்த்துப் பழகியபடி கண்ணையும் மூடிக்கொண்டார். காலனியில் ஒரு பிள்ளை சிரித்தது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

கண்ணைத் திறந்து மூன்றாவது இலையை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"இதுதான்! இதுதான் சார் என் மண்ணு! எங்கப்பன், எங்க பாட்டன் வேர்வை இறங்கின மண்ணு. அந்த உப்பு கரிக்குது நாக்குல. நூத்துக்கு நூறு இது. என் மண்ணு எனக்குத் தெரியாதா?"

மேலத்தெரு மறுபடியும் கைதட்டியது. சீனியம்மா அது அடங்கும்வரை நின்றாள்.

"உப்பு சரிதான் மொதலாளி. ஆளுதான் வேற."

வி.ஏ.ஓ. காகிதத்தைப் பிரித்தார். ஒரு தரம் தனக்குள் படித்தார். பிறகு, வேறு வழியில்லாமல், வெளியே படித்தார். "ஒண்ணு, மேலக்காட்டுக் கரிசல். ரெண்டு, கண்மாய் வண்டல். மூணு..." தொண்டையைச் செருமினார். "மூணு, காலனிக் குழிமேடு. வழிவிட்டான் குழி."

ஒருத்தரும் கைதட்டவில்லை.

"உங்க கிணத்துல சரிஞ்சவன்" என்றாள் சீனியம்மா. குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. "ஒன்றரை நாள் உங்க மண்ணுக்குள்ள கிடந்தவன். அவனை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. இப்ப ருசி பாத்துட்டீக. இனிமே மறக்காது."

தாசில்தார் மேகத்தைப் பார்த்தார், செல்போன்களைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். பிறகு அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்: மனுதாரர் தம்முடைய மண்ணை அடையாளம் காட்ட இயலாததால் மனு தள்ளுபடி, நம்பர் இருந்தபடி இருக்கும், மண் கிடக்கிற இடத்தில் கிடக்கும், விதைப்புக்குத் தடையில்லை. கையெழுத்துப் போட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

காலனிப் பெண்கள் விதைக் கலயம் எடுக்க ஓடினார்கள். சேவுகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கி, நாற்பது வருசமாகத் தன் பேரில் இருக்கும் நிலத்தில் முதல்தரம் முழங்கால் புதைய நின்று, என்ன செய்வது என்று தெரியாமல் அழுதார்.

கோதண்டம் நகரவில்லை. துப்பினார். மறுபடி துப்பினார். விரலை விட்டு வழித்தார். மண் போகவில்லை, அண்ணத்தில் ஏறி அப்பிக்கொண்டது, பல்லிடுக்கில் புகுந்துகொண்டது, நாக்கை மடக்க விடவில்லை. தாசில்தாரின் தண்ணீர் பாட்டில் நாற்காலியடியில் காலியாக உருண்டு கிடந்தது. கண்மாய் வறண்டிருந்தது. மேலத்தெரு ஒரு மைல். அவர் வாயைத் திறந்து கையைக் காட்டினார், அதற்குத் தண்ணீர் என்று அர்த்தம். அங்கே இருந்த தண்ணீர் சீனியம்மாவின் சொம்பில் இருந்தது.

"அத்தான்" என்றான் சுந்தரவேலு.

அவள் சொம்பை எடுத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். கோதண்டம் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு குனிந்தார். இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்தார். அவள் சொம்பைத் தன் தோளுயரத்துக்குத் தூக்கி, முப்பது வருசம் அவர்கள் ஊற்றிய அதே நிதானத்தில், நூல்போல ஊற்ற ஆரம்பித்தாள்.

"இன்னும் குனிங்க மொதலாளி" என்றாள். "சொம்பு படப்போகுது."